ஏழு வாக்குகள் உள்ள வீடு

கொவென்ட்ரி, இங்கிலாந்து
03.02.2024

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது. உங்கள் முதுகு நோவு எப்படி, அந்த வெயார்ஹவுஸில் இன்னும் பெட்டி தூக்கச் சொல்கிறார்களா என்று எழுதுங்கள்.

போன கிழமை போனில் சண்டை பிடித்துக்கொண்டு வைத்துவிட்டோம். இனி மின்னஞ்சலில் எழுதுவோம். எழுதினால் நீங்கள் என்னை இடையில் வெட்ட முடியாது. அதோடு என் அறையில் மூன்று கட்டில். நான் உங்களிடம் ஏச்சு வாங்குவதை மற்ற இரண்டு பேரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு செய்தி. வீட்டுக்கார தேவராஜா அண்ணை மே இரண்டாம் திகதி நடக்கிற நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். எங்கள் வட்டாரத்தில் முன்பு கார் செய்கிற தொழிற்சாலை இருந்ததாம். இப்போது அந்த இடத்தில் மாணவர் விடுதி. தொழிற்சாலையில் வேலை செய்த கிழவர்கள் இன்னும் அதே வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். நான் பின்னேரங்களில் அந்த வீடுகளுக்குத் துண்டுப்பிரசுரம் போடுகிறேன். ஒரு நாளைக்கு நானூறு கதவு. தபால் ஓட்டைக்குள் விரலை விடக்கூடாது, உள்ளே நாய் நிற்கும். குசினியிலிருந்து அகப்பை ஒன்று கொண்டுபோய், அதன் காம்பால் தள்ளுகிறேன்.

அப்பீலுக்கு இன்னும் திகதி வரவில்லை. அகதிக் கோரிக்கையை ஒருமுறை மறுத்தவர்கள் இரண்டாம் முறையும் மறுப்பார்கள் என்று நீங்கள் சொல்லவேண்டாம். அண்ணை வென்றால் நீதிமன்றத்துக்கு என்னைப் பற்றிக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயருள்ள ஒருவரின் கடிதம் நல்லது என்று லோயரும் சொன்னார்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
லக்சன்


ட்ருகனினா, மெல்பேர்ன்
10.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. இப்போது நான் பெட்டி தூக்குவதில்லை, தூக்குகிறவர்களை அதட்டுகிறேன். அதற்குப் பெயர் பதவி உயர்வு.

உன் தேவராஜாவை எனக்குத் தெரியும். ஆளைத் தெரியாது, சாதியைத் தெரியும். பதறாதே, நான் சொல்வது வேட்பாளர் சாதியை. இங்கே நரேன் என்று ஒருவர் இருக்கிறார், எனக்கு இந்த வீட்டை விற்றவர். போன கவுன்சில் தேர்தலில் நின்றார். வீடு விற்கும் பலகையில் இருந்த அதே படம், அதே கோட், அதே பல். ‘விற்பனைக்கு’ என்று இருந்த இடத்தில் ‘உங்கள் சேவைக்கு’ என்று மாற்றினார், அவ்வளவுதான். பொங்கலுக்கு வேட்டி கட்டி வந்து பானையைத் தொட்டுப் படம் எடுத்தார். இந்தப் பகுதிக்கு ஒழுங்கான பஸ் இல்லை என்று கேட்டேன். “அது மாநில அரசின்ர வேலை தங்கச்சி” என்றார். அப்படியென்றால் உங்கள் வேலை என்ன என்று கேட்டேன். அதற்குள் அடுத்த பானைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டைப் பீட்சாக் கடை விளம்பரத்தோடு சேர்த்து எறிந்துவிட்டேன். இங்கே வாக்குப் போடாவிட்டால் அபராதம். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் தேர்தல் முடிந்ததே தெரியும்.

கவுன்சில் என்றால் குப்பைத்தொட்டி எடுப்பது. அதற்கு ஏன் இவ்வளவு மாலை மரியாதை? நானூறு கதவுக்கு நீ நடக்கிறாய், படத்தில் அவர் சிரிக்கிறார். ஒரு கட்டிலைத் தந்துவிட்டு உன் கால்களை எடுத்துக்கொண்டார். கடிதத்தை இப்போதே எழுதச் சொல். வென்ற பிறகு அவருக்கு உன் பெயரும் ஞாபகம் இருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு. கையுறை போடு.

அக்கா,
மயூரா


கொவென்ட்ரி
09.03.2024

அன்பின் அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் பிரஷாந்தனுக்கு வாசித்துக் காட்டினேன். “உன்ர அக்கா எலெக்‌ஷன் கேட்டா ஒருத்தரும் எதிர்த்து நிக்கமாட்டினம், பயத்தில” என்றான். அவனும் என்னைப் போல அப்பீலில் இருக்கிறவன்.

நேற்று வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தோம். அண்ணை குசினி மேசையில் கணினியோடு இருந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஊரில் பெயர் பதிய விதானையார் வந்தால் வீட்டுத்தலைவர் எல்லோருடைய பெயரையும் சொல்லி எழுதுவிப்பாரே, அப்படி.

“எனக்கு விசா இல்லையே அண்ணை” என்றேன்.

“எடேய், ஸ்ரீலங்கா கொமன்வெல்த் நாடு. நான் படிக்க வந்த முதல் வருசமே வோட் போட்டனான். சிற்றிசன் ஆகத் தேவையில்லை.”

“கேஸில இருக்கிற ஆக்களுக்கும் உண்டோ?”

“கேஸில இருந்தா நீ ஸ்ரீலங்கன் இல்லையோ?”

குசினி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். விண்ணப்பத்தில் ஏதோ காப்புறுதி இலக்கம் கேட்டது. எனக்கும் பிரஷாந்தனுக்கும் அது இல்லை. இன்னொரு வாக்காளர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அண்ணையின் மனைவி போட்டார், கீழே நாங்களும் கையெழுத்து வைத்தோம். தபாலில் வாக்குப் போடவும் அதோடு சேர்த்தே எழுதிக் கொடுத்தார். மற்ற மூன்று பேரும் விசாவோடு படிக்க வந்தவர்கள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அண்ணை குடும்பத்தோடு சேர்த்து எங்கள் வீட்டில் ஏழு வாக்கு.

அக்கா, எனக்கு இருபத்தொன்பது வயது. ஊரில் ஆமியின் பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் வீட்டை விட்டு ஓடவேண்டும். பெயர் இருப்பதற்காகச் சந்தோசப்பட்டது இதுதான் முதல் தடவை. சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
லக்சன்


ட்ருகனினா
20.04.2024

தம்பி,

நீ சுகமாக இருக்கவேண்டும். இதை வாசித்தவுடன் பதில் எழுது.

ஆறு கிழமையாக உனக்கு எழுதவில்லை. வேலை என்று சொல்லலாம். உண்மை வேறு. உன் கடிதத்தை வாசித்துச் சிரித்துவிட்டு, பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். நேற்று மதியச் சாப்பாட்டில் கேத்ரினிடம் அதைப் பகிடியாகச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற மலேசியத் தமிழ்ப் பிள்ளை. முன்பு குடிவரவு லோயர் ஒருவரின் அலுவலகத்தில் இருந்தவள். அவள் சிரிக்கவில்லை. “விசா இல்லாதவரு எப்படி ஓட்டுப் போட முடியும்? பொய் சொல்லிப் பதிஞ்ச மாதிரி ஆயிடுமே அக்கா” என்றாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். கொமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே வாக்கு இருக்கிறது, ஆனால் அந்த நாட்டில் இருக்க அனுமதி உள்ளவர்களுக்குத்தான். மாணவனுக்கு உண்டு. அப்பீலில் இருக்கிறவனுக்கு இல்லை. உன் தேவராஜா, தான் வந்த வழியால்தான் எல்லோரும் வந்தார்கள் என்று நினைக்கிற மடையன். தகுதி இருக்கிறது என்று நீ கையெழுத்து வைத்திருக்கிறாய். இது உன் அகதிக் கோரிக்கையை மறுத்த ஹோம் ஒஃபிஸ் கையில் கிடைத்தால் ‘இவர் பொய்ப் பிரகடனம் செய்கிறவர்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். உன் முழுக் கதையும் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

தபால் வாக்கு வந்தால் கிழித்துப்போடு. லோயரிடம் திங்கட்கிழமையே போ. பெயரை எடுத்துவிடச் சொல். அந்த மனிதனின் ஒரு வாக்குக்காக உன்னைத் திருப்பி அனுப்ப நான் விடமாட்டேன்.

மயூரா


கொவென்ட்ரி
27.04.2024

அன்பின் அக்காவுக்கு,

சுகம். இங்கே மழை. இரண்டாம் சுற்றுத் துண்டுப்பிரசுரம் நடக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். தபால் வாக்கு வந்தது, கிழித்துவிட்டேன். லோயரிடம் தேர்தல் முடிந்த பிறகு போகிறேன், இப்போது நேரமில்லை. அண்ணையோடு நீங்கள் சண்டைக்குப் போகவேண்டாம். தெரியாமல் செய்ததுதானே.

முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் பிடியுங்கள்.

லக்சன்


கொவென்ட்ரி
05.05.2024

பேரன்புக்குரிய சகோதரி மயூரா அவர்களுக்கு,

இறைவன் அருளால் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமுடன் வாழ வேண்டுகிறேன். தம்பி லக்சன் தங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தந்தார்.

எமது வட்டாரத்தில் நான் முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றுள்ளேன் என்பதைப் பணிவோடு அறியத் தருகிறேன். இது என் வெற்றி அல்ல, உலகத் தமிழினத்தின் வெற்றி. இனி இந்த நகரசபையில் எமது குரல் ஓயாது ஒலிக்கும். முதற்கட்டமாகக் குப்பைத்தொட்டிகளை இரு வாரத்துக்கு ஒருமுறை அல்லாமல் வாராவாரம் எடுக்கவேண்டும் என்ற கோரிக்கையை முன்வைக்க உள்ளேன்.

தங்கள் தம்பி எனக்கு வலக்கரம். எமது இல்லத்தின் ஏழு வாக்குகளும் சிந்தாமல் சிதறாமல் விழுந்தன. தபாலில் முதல் ஆளாக வாக்களித்தவரே தம்பி லக்சன்தான். ஏப்ரல் பதினைந்தாம் திகதி காலை உறை வந்தது, மத்தியானமே பெட்டியில் போட்டுவிட்டு வந்து படமும் எடுத்தார். அந்த உணர்ச்சியைப் பார்த்து என் கண்கள் கலங்கின.

மெல்பேர்னில் தமிழ்ச் சங்கச் சஞ்சிகை ஒன்று வெளிவருவதாக அறிகிறேன். இத்துடன் மூன்று படங்களை இணைத்துள்ளேன். மாலையோடு உள்ளதைப் பிரசுரிக்க ஆவன செய்தால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் அன்புச் சகோதரன்,
கவுன்சிலர் தேவராஜா


ட்ருகனினா
07.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? நித்திரை வருகிறதா?

தேவராஜா எனக்கு எழுதியிருந்தார். ஏப்ரல் பதினைந்தாம் திகதியே நீ வாக்குப் போட்டுவிட்டாய் என்று அதில் இருக்கிறது. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கமாட்டேன். என் கடிதம் ஐந்து நாள் பிந்தித்தான் வந்தது.

நகரசபையிலிருந்து உன் பெயருக்கு ஏதாவது கடிதம் வந்ததா? வந்தால் ஒருவரிடமும் காட்டாமல், ஒன்றிலும் கையெழுத்து வைக்காமல் லோயரிடம் கொண்டுபோ. வராவிட்டாலும் போ. இன்றைக்கே போனால் நல்லது. ஏன் இன்றைக்கு என்று கேட்காதே.

எனக்குப் பதில் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


கொவென்ட்ரி
09.06.2024

அன்பின் அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதற்குக் காரணம், நீங்கள் சொன்னதே சரி, நான் முட்டாளாகிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நீங்கள் கேட்டதுபோலவே கடிதம் வந்தது. எனக்கு ஒன்று, பிரஷாந்தனுக்கு ஒன்று. வாக்காளர் பட்டியலில் இருக்க எங்களுக்குத் தகுதி இல்லை என்று முறைப்பாடு வந்திருக்கிறதாம், விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

அண்ணை எங்கள் இருவரையும் குசினிக்குக் கூப்பிட்டார். இரண்டு தாள் அடித்து வைத்திருந்தார். நானாகவே விண்ணப்பித்தேன், ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கணினியையும் நானே பாவித்தேன் என்று இருந்தது.

“இதில சைன் வையுங்கோ. தெரியாமச் செய்தது எண்டு விட்டுடுவினம். எனக்கெண்டா பதவி போயிடும்.”

“நீங்கள்தானே அண்ணை பதிஞ்சு தந்தனீங்கள்” என்றேன்.

“நான் இருந்தாத்தானே தம்பி உன்ர அப்பீலுக்குக் கடிதம் தரலாம்.”

பிரஷாந்தன் வைத்துவிட்டான். நான் பேனை எழுதவில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அப்பீல் செப்டெம்பர் பதினெட்டில். எனக்கு இருப்பது இந்தக் கட்டில் ஒன்றுதான்.

முறைப்பாடு போட்டது யார் என்றுதான் இப்போது வீட்டில் கதை. கோயில் சபையில் உள்ள யாரோ என்று அண்ணை சொல்கிறார். எங்கட ஆக்கள் அப்படிச் செய்யமாட்டினம், இது வெள்ளைக்காரக் கட்சிக்காரர்களின் வேலை என்று நான் அப்பாவின் மேல் சத்தியம் செய்தேன். முகமூடி போட்டு ஆமி ஜீப்புக்குள் இருந்த எங்கட ஆள் ஒருவன் தலையாட்டிக் காட்டிக்கொடுத்ததால் போனவர் அப்பா. அந்த வேலையை எங்களில் ஒருவர் ஒரு குப்பைத்தொட்டித் தேர்தலுக்காகச் செய்வார் என்று நான் நம்பவில்லை.

கையெழுத்து வைக்கட்டா? சொல்லுங்கள்.

லக்சன்


ட்ருகனினா
11.06.2024

தம்பி,

கையெழுத்து வைக்காதே. முதலில் அது.

இரண்டாவது. முறைப்பாடு போட்டது நான்.

ஏப்ரல் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. வாக்குச்சீட்டைக் கிழித்துவிட்டேன் என்று உன் கடிதம் வந்த மறுநாள். பத்து நிமிடத்தில் எழுதினேன். அந்த வீட்டில் தகுதியில்லாத பெயர்கள் பதியப்பட்டிருக்கின்றன, பதிந்தவர் வேட்பாளர் என்று வீட்டு விலாசத்தோடு தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பினேன். என் பெயர் போடவில்லை. நீ வாக்குப் போடவில்லைதானே, உனக்கு ஒன்றும் வராது, ஆள் மட்டும் அகப்படுவார் என்று கணக்குப் போட்டேன். பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. உன்னை நான் சாட்சியாக மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரஷாந்தனை நினைக்கவே இல்லை.

உன்னைக் காப்பாற்றச் செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அது பொய். அந்த ஆள் மாலையோடு விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பானையைத் தொட்டுப் படம் எடுக்கிற எல்லோருக்கும் சேர்த்து அவரை அடிக்க ஆசைப்பட்டேன். அதை அனுப்பிவிட்டு நல்ல பசியோடு சாப்பிட்டேன்.

தேவராஜா எழுதிய கடிதத்தைப் பார்த்த அன்றுதான் விளங்கியது. முறைப்பாட்டைத் திரும்பப் பெறமுடியுமா என்று கேட்டு எழுதினேன். கிடைத்ததற்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன்.

லோயரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல். யார் பதிந்தது, யார் சாட்சி வைத்தது, நீ எதை நம்பினாய், எல்லாவற்றையும் சொல். கட்டில் போனால் போகட்டும். நான் இருக்கிறேன்.

மயூரா


17.11.2024

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் நான்கு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத முடியவில்லை என்று இல்லை, எழுதவில்லை.

ஜூன் மாதமே லோயரிடம் போனேன். அவர் ஒன்றரை நிமிடம் ஏசிவிட்டு என்னைத் தேர்தல் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் அலுவலர் இருபது நிமிடம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பெயரை எடுத்துவிட்டார்கள், எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். தேவராஜா அண்ணையையும் விசாரித்தார்கள். தெரியாமல் நடந்த தவறு என்று அவருடைய கட்சிக்காரர்களும் சொல்ல, அதோடு விட்டுவிட்டார்கள். அவர் இன்னும் கவுன்சிலர்தான். குப்பை இன்னும் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான்.

நான் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தபோது என் உடுப்புகள் இரண்டு கறுப்புப் பைகளில் வாசற்படியில் இருந்தன. பிரஷாந்தன் மேல் ஜன்னலில் நின்றான், இறங்கி வரவில்லை. கையெழுத்து வைத்ததால் அவனுடைய கோப்பில் இப்போது பொய்ப் பிரகடனம் என்ற அந்த வரி இருக்கிறது. அவனுடைய அப்பீல் ஒக்டோபரில் தள்ளுபடியானது.

என்னுடையது செப்டெம்பர் பதினெட்டில் நடந்தது. வாக்குப் போட்டதைப் பற்றி ஹோம் ஒஃபிஸ் தரப்பு அரைமணி நேரம் கேட்டது. உமக்குத் தகுதி உண்டு என்று யார் சொன்னது என்று நீதிபதி கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். அவர் சொன்னதை ஏன் நம்பினீர் என்று கேட்டார். நம்ப ஆசையாக இருந்தது என்றேன். தீர்ப்பு ஒக்டோபர் தொடக்கத்தில் வந்தது. ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வருட விசா.

நான் அங்கே யாரிடமாவது சொன்னேனா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில். உங்கள் பெயரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. முறைப்பாடு போட்டது நான்தான் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். கோயில் வாசலில் ஒரு அன்ரி என்னைக் கண்டு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் போனார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பிறகு யார் என்று கேட்பார்கள். காட்டிக்கொடுத்தவன் என்ற அந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டேன். கொவென்ட்ரியை விட்டும் வந்துவிட்டேன்.

இப்போது வேறு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அறையில் ஒரே ஒரு கட்டில். பெயர் பதியச் சொல்லி இங்குள்ள நகரசபையும் கடிதம் போட்டிருக்கிறது. இந்த முறை சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது. பதியவில்லை.

இங்கு வரவேண்டும், பார்க்கவேண்டும் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் எனக்குக் கெடுதல் நினைக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்லது என்று நினைத்துத்தான் எதையும் செய்வீர்கள். மேலே விலாசம் எழுதாமல் விட்டது அதனால்தான்.

உடம்பைப் பாருங்கள்.

லக்சன்